மறைக்காமல் அழுத்திய பூஜ்யம்

அவசரம் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு. வாசலில் வாடகைக் கார் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் ஒரு காலில் செருப்பும் மறு காலில் ஆய்வுக்கூடத்து நீலத் துணி உறையுமாக நிலவறைப் படிகளில் ஏறி ஓடினாள், பாதியில் திரும்பி வந்து உறையைக் கழற்றி எறிந்தாள், ஓடினாள், மறுபடியும் திரும்பி வந்தாள்.

"அக்கா, பென்டிரைவ்!"

"உன் கழுத்துலதான்டி தொங்குது."

"அக்கா, பல்ஸ் ஒம்பதுதானே? ஒம்பது புள்ளி எவ்வளவு?"

"ஒம்பது புள்ளி நாலு. போ, கார்க்காரன் ஹாரனை அடிச்சே பேட்டரிய தீர்த்துடப் போறான்."

அவசரம் என்பது அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் விழுந்த பெயர். ஐந்து வருடமாக அங்கே ஆராய்ச்சி செய்கிற பெண். அவள் நடந்தால் நிழல் மூச்சிரைக்கப் பின்னால் ஓடிவரும் என்பார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, கடல் தாண்டி ஒரு நாட்டில், அவள் ஒரு கூட்டத்தின் முன்னால் பேசப்போகிறாள். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் அவளுக்கு வேலை கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். பேச்சு முழுவதும் அந்த ஒன்பது புள்ளி நாலின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

அந்த எண்ணை அளந்து கொடுத்தவள் தட்டக்கா.

தட்டக்கா அந்த ஆய்வுக்கூடத்தின் டெக்னீஷியன். வயது நாற்பத்துமூன்று. படித்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. மதிப்பெண் என்ன என்று கேட்டால் பேச்சு மழைக்கு மாறிவிடும். முதலில் ஜெராக்ஸ் மெஷின் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். பதினைந்து வருடத்துக்கு முன்னால், லேசரைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பெட்டி ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். போனாள். அன்றைக்குப் பேராசிரியர் பதினோராவது நாளாக லேசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இவள் ஒழுகலை அடைத்துவிட்டு, கையிலிருந்த ஸ்பேனரை மேசைமேல் டொக்கென்று வைத்தாள். லேசர் துடிக்கத் தொடங்கிவிட்டது. பேராசிரியர் தன் கையைத் தானே வியந்து பார்த்தார். மறுநாள் துடிப்பு நின்றுபோனது. தண்ணீர்க்காரியைக் கூப்பிட்டு மறுபடி ஒருமுறை ஸ்பேனரை வைக்கச் சொன்னார்கள். மூன்றாவது மாதம் வேலையே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். தட்டுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒரே மனுஷி தான்தான் என்று அவளே எல்லோரிடமும் சொல்லுவாள். மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது நல்லது என்பது அவள் கட்சி.

தட்டுவதில் மாயம் ஒன்றும் இல்லை. கட்டைவிரல் நகம் அளவு ஒரு சிவப்புக் கல். அதற்குள் பச்சை ஒளியைச் செலுத்தினால் கல் வேறொரு ஒளியைக் கக்கும். அது கண்ணாடிகளுக்கு இடையே போய்வந்து போய்வந்து வலுக்கும். சும்மா விட்டால் குழாயில் ஒழுகும் தண்ணீர் மாதிரி ஒரே சீராக வெளியே வந்துகொண்டிருக்கும். அதனால் இவர்களுக்குப் பிரயோஜனம் இல்லை. வேண்டியது துடிப்பு, அவசரம் சொன்ன அந்த பல்ஸ். ஒளி முழுவதும் ஒரே கொத்தாகச் சேர்ந்து, விநாடிக்கு எட்டுக் கோடித் தடவை, பட்டென்று வந்து பட்டென்று போகவேண்டும். ஒழுகிக்கொண்டிருப்பதைக் கொத்தாக்க ஒரு சின்ன அதிர்ச்சி தேவை. கண்ணாடியைத் தாங்கும் திருகாணியைப் பென்சிலின் பின்பக்கத்தால் ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் கண்ணாடி கோணிக்கொள்ளும், மெதுவாகத் தட்டினால் லேசர் மதிக்காது. அந்த நடுத்தட்டு தட்டக்காவின் கையில் இருந்தது. மாமியாரிடம் பேசிப் பழகிய கை என்பாள்.

இனி அந்த எண். ஒரு விநாடியை லட்சம் கோடித் துண்டாக்கி, அதில் ஒரு துண்டை மறுபடி ஆயிரமாக நறுக்கினால் கிடைக்கிற துணுக்குக்கு ஃபெம்டோ விநாடி என்று பெயர். அதில் ஒன்பதே சொச்சம் துணுக்குதான் இந்தத் துடிப்பின் நீளம். இவ்வளவு சின்னதை அளக்க இதைவிடச் சின்ன அளவுகோல் உலகத்தில் கிடையாது. அதனால் துடிப்பையே இரண்டாகப் பிரித்து, ஒன்றை இன்னொன்றின்மேல் வழுக்கவிட்டு, அதை வைத்தே அதை அளப்பார்கள். தன்னைத் தானே அளந்துகொள்வதில் என்ன ஆபத்து என்று மற்ற யாருக்குத் தெரியாவிட்டாலும் தட்டக்காவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க அவள் தன்னை அப்படித்தான் அளந்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் அளவு பிரமாதமாகத்தான் வந்தது.

ஒன்பது புள்ளி நாலினால் அவளுக்கும் ஒரு லாபம் வரவிருந்தது. இதுவரை அந்த ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியான கட்டுரைகளில், கடைசிப் பக்கத்தின் கடைசி மூலையில், 'தொழில்நுட்ப உதவிக்கு நன்றி' என்று ஒரு வரி இருக்கும். யாருக்கு நன்றி என்று இருக்காது. இந்தத் தடவை அவசரம் பேராசிரியரிடம் சண்டை போட்டு, கட்டுரை எழுதியவர்களின் பட்டியலிலேயே அக்காவின் பெயரைச் சேர்த்துவிட்டாள். ஐந்து பேரில் ஐந்தாவது. தலைப்பெழுத்து தப்பாக இருந்தது. தட்டக்கா திருத்தச் சொல்லவில்லை. சுட்டிக்காட்டப்போய், 'ஆமா, இவங்க பேரு இங்க எதுக்கு?' என்று யாருக்காவது தோன்றிவிட்டால்?

ஆனால் ஊருக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. முக்கியமாக நாத்தனாருக்கு. நாத்தனாருடைய மகள் பல் டாக்டர். பதினைந்து வருடமாக 'எங்க அண்ணி மெஷின் ரிப்பேர் பண்றாங்க' என்று சபையில் அறிமுகப்படுத்தியவர் அவர். 'அண்ணி பேரு அச்சுல வருது' என்று இப்போது அவரே குடும்பக் குழுவில் செய்தி போட்டிருந்தார். அதற்கு முப்பத்தேழு பேர் கைகூப்பியிருந்தார்கள். தட்டக்கா எண்ணினாள். இரண்டு தடவை.

அவசரம் போன அன்றைக்கு மூன்று மணிக்கு ஆய்வுக்கூடம் கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருந்தது. பேராசிரியர் கூட்டம் ஒன்றுக்குப் போய்விட்டார். தட்டக்கா தன் டீயை எடுத்துக்கொண்டு அளவுக்கருவியின் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல அந்தக் கூர்மையான கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தைய நாளிலிருந்து லேசர் நிற்கவே இல்லை. போதும், அணைத்துவிட்டுச் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தாள். அணைப்பதற்கு முன் ஒளியை ஒரு கறுப்பு அட்டையால் மறைக்க வேண்டும் என்பது விதி. மறைத்தாள்.

திரையில் கோடு கீழே இறங்கியது. பூஜ்யத்தில் நிற்கவேண்டிய கோடு, பூஜ்யத்தைத் தாண்டிக் கீழே போய், திரையின் அடிமட்டத்தில் படுத்துக்கொண்டது.

ஒளியே இல்லாதபோது பூஜ்யத்துக்கும் கீழே என்றால், ஒளி இருந்தபோது காட்டிய பூஜ்யம் பூஜ்யம் இல்லை. டீ ஆறிப்போனது அவளுக்குத் தெரியவில்லை.

முந்தைய நாள் நடந்தது இதுதான். அந்தக் கருவி கிழடு. காலையில் ஒரு அளவும் மாலையில் ஒரு அளவும் காட்டும். அதனால் அளப்பதற்கு முன்னால் ஒளியை அட்டையால் மறைத்து, பூஜ்யம் என்ற பொத்தானை அழுத்தவேண்டும். அழுத்தும்போது கோட்டின் அடி எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதையே கருவி பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளும். புதன்கிழமை அவள் மறைக்கவில்லை. மூன்று வாரமாக வராத துடிப்பு அப்போதுதான் வந்திருந்தது. அட்டையை நீட்டும்போது அதன் விளிம்பில் பட்ட ஒளி திரும்பி லேசருக்குள் போனால் துடிப்பு கலைந்துவிடும். பக்கத்தில் அவசரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். 'மறைக்காம அழுத்திடறேன், ஒண்ணும் ஆகாது' என்றாள் தட்டக்கா. பெரும்பாலும் ஒன்றும் ஆகாதுதான். துடிப்பு சுத்தமாக இருந்தால், கூரான முனைக்கு இரண்டு பக்கமும் உண்மையாகவே ஒன்றும் இருக்காது. மறைத்தால் என்ன, மறைக்காவிட்டால் என்ன? துடிப்பு சுத்தமாக இல்லாத அந்த ஒரு சமயத்தில் மட்டும்தான் அந்தப் பொத்தான் ஆளைக் கவிழ்க்கும். கவிழ்த்தது.

அவள் கருவியின் திருகை அகலப் பார்வைக்குத் திருப்பினாள். புதன்கிழமை அதைக் குறுகலாகவே வைத்திருந்தாள். குறுகலில் கோடு அழகாகத் தெரியும். இப்போது முழு உருவமும் வந்தது. அகலமாக ஒரு மேடு, அதன் நட்டநடுவில் ஒரு ஊசி. தலைகாணிமேல் குத்திவைத்த குண்டூசி மாதிரி. அந்தத் தலைகாணியைத்தான் பூஜ்யம் என்று அழுத்தி அழித்திருக்கிறாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை கேட்டிருக்கிறோம். ஒரே பொத்தானில் மறைத்தவள் தட்டக்காதான்.

அவளுக்கு அர்த்தம் உடனே புரிந்தது, படிக்காத பாடமல்ல. உள்ளே சுற்றிக்கொண்டிருந்தது ஒரு துடிப்பே அல்ல. கந்தரகோளமான ஒளிக் குப்பை. ஒவ்வொரு சுற்றிலும் வேறு வேறு வடிவம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாக் கொத்தும் ஒரே கனம், உள்ளே ஒன்றுபோல ஒன்று இல்லை. கருவி கோடிக்கணக்கான கொத்துகளைக் கூட்டிச் சராசரி போட்டது. அந்தச் சராசரியில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு ஊசி மட்டும் மிஞ்சியது. அந்த ஊசிதான் ஒன்பது புள்ளி நாலு. அது இப்போது ஒரு பெண்ணின் கழுத்தில் தொங்கிக்கொண்டு விமான நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

நல்ல மனுஷியாக இருந்தால் அந்த நிமிஷமே போனை எடுத்திருப்பாள். தட்டக்கா லேசர் பெட்டியை மூடினாள், டீக் கோப்பையைக் கழுவினாள், மற்றவர்களுடைய கோப்பைகளையும் கழுவினாள், வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓர் அற்புதமான யோசனை வந்தது. சொன்னதை மாற்றினால்தானே அவமானம்? லேசரை மாற்றிவிட்டால்? உண்மையாகவே ஒன்பது புள்ளி நாலை வரவழைத்துவிட்டால், புதன்கிழமை அளந்ததற்கும் இதற்கும் யார் வித்தியாசம் கண்டார்கள்? பொய் சொல்லிவிட்டோம், சரி. உண்மை கொஞ்சம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதானே. இந்த யோசனை எவ்வளவு கேவலம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கேவலமான யோசனைகளுக்குத்தான் காலை எட்டு மணிக்கே ஆய்வுக்கூடத்துக்கு வரும் சுறுசுறுப்பு உண்டாகிறது என்பதையும் கவனித்தாள்.

வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய். நாலு நாள். இந்தத் தடவை ஒவ்வொரு அளவுக்கும் மறைத்தாள், அழுத்தினாள், அகலத்தில் பார்த்தாள். துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்பதற்காக, வேகமாகப் படமெடுக்கும் இன்னொரு திரையையும் இணைத்தாள். பதினைந்து வருடமாகத் தட்டியவள், தட்டினால் உள்ளே என்ன நடக்கிறது என்று உட்கார்ந்து பார்த்தது அப்போதுதான்.

முதலில் சீரான ஒளி. அதன்மேல் புல் முளைத்ததுபோல் சின்னச் சின்ன நடுக்கங்கள். தட்டியதும் புல் கலையும். ஏதோ ஒரு புல் மற்றதைவிட மயிரிழை உயரம். அவ்வளவுதான் அதற்கும் மற்றவைக்கும் உள்ள வித்தியாசம். அதற்குத் தகுதி ஒன்றும் கிடையாது, அந்த நேரத்தில் அது அங்கே உயரமாக இருந்தது. ஆனால் கல்லுக்குள் பலமான ஒளி தன்னைத்தானே குவித்துக்கொண்டு இடுக்கு வழியே தப்பிப் போகும். பலவீனமானது விளிம்பில் அடிபட்டுத் தேயும். ஒவ்வொரு சுற்றிலும் உயரமானது இன்னும் உயரும், குட்டையானது இன்னும் குட்டையாகும். சில ஆயிரம் சுற்றில் ஒன்று மட்டும் மிஞ்சி, மற்றதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போய்விடும். பிறகுதான் வேடிக்கை. ஜெயித்த அது சும்மா நிற்காது. வீங்கும், சுருங்கும், தள்ளாடும். பச்சை ஒளியை அதிகம் கொடுத்தால் தாங்காமல் இரண்டாகப் பிளக்கும். இரண்டும் ஜோடியாகச் சுற்றும். இன்னும் கொடுத்தால் சுக்குநூறாகி அந்தக் குப்பையாகிவிடும். கொடுப்பதைக் குறைத்து, பாதையில் இருக்கும் முப்பட்டகக் கண்ணாடியை ஒரு மயிரளவு உள்ளே தள்ளினால், கலையவேண்டியதும் கூடவேண்டியதும் சமமாகி, அப்பாடா என்று அமரும். அமர்ந்த பிறகு மேசையைக் குத்தினாலும் அசையாது.

புதன்கிழமை அவர்கள் செய்தது நேர்மாறு. இன்னும் குட்டை, இன்னும் குட்டை என்று பச்சை ஒளியைக் கூட்டிக்கொண்டே போனார்கள். கூட்டியது தட்டக்காவின் கை. துடிப்பு நீளமாக இருந்தால் கட்டுரை கிடையாது, கட்டுரை இல்லாவிட்டால் ஐந்தாவது பெயர் கிடையாது.

செவ்வாய்க்கிழமை பகலில் லேசர் ஆறு மணிநேரம் ஆடாமல் அசையாமல் துடித்தது. மறைத்து அழுத்தி அளந்தாள். மேடும் இல்லை, ஊசியும் இல்லை, ஒழுங்கான குன்று. முப்பத்தொன்று. உலகத்தில் ஐந்நூறு ஆய்வுக்கூடங்களில் காலை டீக்கு முன்னால் எடுக்கிற அளவு. அதற்குக் கீழே இறக்கப் பார்த்தபோதெல்லாம் துடிப்பு மறுபடி பிளந்தது. ஒன்பதுக்கு இந்த லேசரால் வரவே முடியாது என்று அப்போது விளங்கிவிட்டது.

அன்று மாலை நாத்தனார் போன் செய்தார்.

"அண்ணி, பேரு எப்ப வருது? எங்க அப்பார்ட்மென்ட் செக்ரட்டரி கேக்கறார். நோட்டீஸ் போர்டுல ஒட்டணுமாம்."

"பாக்கலாம்மா. அதுக்கு நாளாகும்."

"என்ன கண்டுபிடிச்சீங்கன்னு ஒரு வரியில சொல்லுங்க அண்ணி, நான் மேல எழுதிக்கறேன்."

"எனக்கே ஒரு வரியில சொல்லத் தெரியலம்மா," என்று போனை வைத்தாள். ஆறு நாளில் அவள் யாரிடமாவது சொன்ன முதல் உண்மை அது.

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். சாப்பிட உட்கார்ந்தபோது மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உன் லேசர் நின்னுடுச்சா?" என்றான்.

"ஓடுது. அதுதான் பிரச்சினை."

"ஓடினா பிரச்சினைன்னு சொல்ற ஒரே மெக்கானிக் நீதான்."

அவள் எல்லாவற்றையும் கொட்டினாள். அவனுக்கு ஊசியும் தலைகாணியும் பிடிபடவில்லை. "இப்படி வச்சுக்கோங்க," என்றாள். "ஒரு கோடிப் பேரோட போட்டோவ ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தா, மூஞ்சி எல்லாம் கலங்கிப்போயி நடுவுல மூக்கு மட்டும் தெளிவாத் தெரியும். நான் அந்த மூக்க அளந்துட்டு, ஆளோட உயரமே இவ்வளவுதான்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

அவன் ரொம்ப நேரம் சிரித்தான். அவளும் சிரித்தாள், சிரிக்காமல் என்ன செய்வது, நன்றாகத்தான் இருந்தது. பிறகு அவன் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டான்.

"சரி, உள்ள யாராவது மாட்டிக்கிட்டு இருக்காங்களா?"

லிஃப்ட் கெட்டுப்போனது என்று எங்கிருந்து போன் வந்தாலும் அவன் கேட்கிற முதல் கேள்வி அதுதான். ஏன் நின்றது, யார் தப்பு, எவ்வளவு நேரமாகும் எல்லாம் பிறகு.

"அந்தப் பொண்ணு," என்றாள்.

"எப்பலேர்ந்து?"

"வியாழக்கிழமைலேர்ந்து."

அவன் எழுந்து கைகழுவப் போய்விட்டான். திட்டியிருந்தால் அவளும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருக்கலாம். அந்த வசதியும் இல்லாமல் போயிற்று.

புதன்கிழமை காலை பேராசிரியரின் அறைக்குப் போனாள். குறுகலில் எடுத்தது ஒன்று, அகலத்தில் எடுத்தது ஒன்று என்று இரண்டு படங்களை அச்செடுத்து மேசைமேல் வைத்தாள். அவர் முதலில் ஒன்றைப் பார்த்தார், பிறகு மற்றதை, பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டையும் பார்த்தார்.

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்டுக்காரர்கிட்ட, சார்."

"அவர் என்ன செய்யறார்?"

"லிஃப்ட் மெக்கானிக், சார்."

"அப்ப பரவால்ல," என்றார் பேராசிரியர்.

பிறகு எழுந்து ஜன்னல் வரைக்கும் நடந்தார். "இங்க பாருங்கம்மா. நாளன்னிக்கு அந்தப் பொண்ணு பேசப்போவுது. இப்பப் போய் அவளை ஏன் கலவரப்படுத்தணும்? வெள்ளிக்கிழமை முடியட்டும். வேலை கிடைக்கட்டும். அப்புறம் நிதானமா ஒரு திருத்தம் போட்டுக்கலாம். கட்டுரை இன்னும் அனுப்பல. உங்க பேரும் அதுல இருக்கு, தெரியுமில்ல?"

ஆறு நாளாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே நியாயம். வேறொருவர் வாயிலிருந்து, அதுவும் படித்தவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அதன் நாற்றம் தெரிந்தது. தன் முதுகு தனக்குத் தெரியாது. எதிரில் ஒருத்தர் திரும்பி நின்று காட்டவேண்டியிருக்கிறது.

"தலைப்பெழுத்து தப்பா இருக்கு, சார்," என்றாள்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல சார். நான் அவளுக்குப் போன் பண்ணிடறேன்."

"நான் வேண்டாம்னு சொல்றேன்."

"கேட்டுச்சு சார்."

வேலை போய்விடும் என்று தெரிந்தே வெளியே வந்தாள். தாழ்வாரத்தின் கோடியில், தீயணைக்கும் சிவப்பு உருளைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எண்ணைப் போட்டாள். அங்கே காலை ஏழரை. முதல் மணியிலேயே எடுத்தாள் அவசரம்.

"அக்கா! இங்க குளிருல பல்லு தந்தியடிக்குது. பேச்ச அஞ்சு தடவ சொல்லிப் பாத்துட்டேன். ஒம்பது புள்ளி நாலுன்னு சொல்றப்ப கொஞ்சம் நிறுத்தறேன், கைதட்டறதுக்கு..."

"அது ஒம்பது இல்லடி."

சொல்லிமுடித்தாள். பொத்தான், அட்டை, மேடு, ஊசி, முப்பத்தொன்று எல்லாம்.

"எப்பத் தெரிஞ்சுது?" என்றாள் அவசரம்.

இங்கே ஒரு பொய்க்கு இடம் இருந்தது. இன்று காலை என்று சொல்லலாம். தட்டக்கா அந்த இடத்தை நன்றாகப் பார்த்தாள்.

"நீ கிளம்பின அன்னிக்கே. மூணு மணிக்கு."

"நான் விமானத்துல ஏறவே இல்லையே அப்ப."

"தெரியும்."

"தப்பு பண்ணது பரவால்லக்கா. நானும் பக்கத்துலதான் நின்னேன், நானும்தான் மறைக்கச் சொல்லல. ஆனா ஆறு நாளு! ஆறு நாளு என்ன பண்ணீங்க?"

"ஒம்பது வரவைக்கப் பாத்தேன்."

"எதுக்கு?"

"என் பேருக்காக."

போன் நின்றுவிட்டது. அவள் வைத்தாளா, தானாக அறுந்ததா என்று தட்டக்கா கொஞ்ச நேரம் தன்னிடமே விவாதித்தாள். அறுந்ததாக நினைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது. திரும்ப அடித்துப் பார்க்காததிலிருந்தே பதில் தெரிந்திருந்தது. படங்கள் இரண்டையும், நாலு நாள் எடுத்த அளவுகள் அத்தனையையும் அனுப்பி வைத்தாள். பார்த்துவிட்டதற்கான அடையாளம் மட்டும் வந்தது.

வெள்ளிக்கிழமை அவசரம் அந்தக் கூட்டத்தில் முப்பத்தொன்று என்றே பேசினாள். ஊசியும் தலைகாணியும் இருக்கும் படத்தையும் காட்டி, எப்படி ஏமாந்தோம் என்று விளக்கினாளாம். நல்ல கேள்விகள் கேட்டார்கள், கை தட்டினார்கள், வேலையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். இதெல்லாம் பேராசிரியர் சொல்லித்தான் தட்டக்காவுக்குத் தெரியும். அவர் வேலையை விட்டு அவளை நீக்கவில்லை. வேறு தட்டுகிற ஆள் கிடைக்கவில்லை என்பது அவள் விளக்கம். மூன்று மாதம் அவர் அவளை 'அம்மா' என்று கூப்பிடாமல், 'டெக்னீஷியன்' என்று கூப்பிட்டார். கட்டுரை குப்பைக்குப் போயிற்று.

நாத்தனாருக்குப் போன் செய்து, "பேரு வராதும்மா," என்றாள்.

"ஐயையோ, ஏன் அண்ணி? எடுத்துட்டாங்களா?"

"நான் மூக்க அளந்துட்டேன்."

"யாரு மூக்க?"

"அது பெரிய கதை. நோட்டீஸ் போர்டுல வேற ஏதாவது ஒட்டிக்கச் சொல்லும்மா."

அவசரம் திரும்பி வந்தாள். மீதி வேலையை முடிக்க அவளுக்கு ஒரு வருடம் ஆயிற்று. அந்த வருடம் முழுவதும் இரண்டு பேரும் ஒரே மேசைக்கு இரண்டு பக்கம் நின்று வேலை செய்தார்கள். "ஸ்க்ரூ", "இன்னும் கொஞ்சம்", "போதும்" என்ற மூன்று வார்த்தைகளுக்கு மேல் பேச்சு வளரவில்லை. தட்டக்கா வேடிக்கையாக ஏதாவது சொன்னால் அவசரம் லேசரைப் பார்ப்பாள். போகிற நாள் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். அவசரப்படாமல், எல்லாவற்றையும் ஒழுங்காக எடுத்து வைத்துக்கொண்டு போனாள் என்பதுதான் தட்டக்காவுக்கு உறைத்தது.

அவளுடைய ஆய்வேடு நூலகத்துக்கு வந்தபோது தட்டக்கா ஒரு மதிய இடைவேளையில் போய் அதை எடுத்துப் பார்த்தாள். வேறு எதற்காகவோ வந்தவள்போல் முதலில் இரண்டு வேறு புத்தகங்களைப் புரட்டினாள். பிறகு நன்றி சொல்லும் பக்கம். பேராசிரியர் இருந்தார். அம்மா, அப்பா, விடுதித் தோழி. அச்சடித்துக் கொடுத்த கடைக்காரர்கூட இருந்தார். பக்கத்தைத் திருப்பி, பின்பக்கம் தொடர்கிறதா என்று பார்த்தாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று நகத்தால் கீறிக்கூடப் பார்த்தாள். அங்கே வேலை செய்கிற பெண்மணி, "என்னங்க தேடறீங்க?" என்றார். "ஒரு பேரு," என்றாள் தட்டக்கா. "பின்னாடி பட்டியல் இருக்கும், பாருங்க," என்றார் அவர் கருணையோடு.

அதன்பிறகு நாலு வருடம் போயிற்று. புதிய ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். கிழட்டுக் கருவியை மாற்றினார்கள். அவசரம் வேறு ஏதோ நாட்டில், ஏதோ ஒரு லேசர்க் கூடத்தில், தனக்குக் கீழே ஆறு பேரை வைத்து வேலை வாங்குகிறாள் என்று காற்றுவாக்கில் காதில் விழுந்தது. தட்டக்கா அவள் எண்ணைப் போனிலிருந்து எடுக்கவும் இல்லை, அதற்கு ஒரு வார்த்தை அனுப்பவும் இல்லை. பண்டிகை வாழ்த்து அனுப்புகிற முகம் தனக்கு இல்லை என்று நினைத்தாள். தலைமுடி நரைத்தது. சாயம் பூசிக்கொண்டு, மறைத்துவிட்டு அழுத்துவதில் தனக்கு இப்போது நல்ல பயிற்சி என்று கணவனிடம் சொன்னாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, அவள் கையுறையோடு ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, போன் மேசையில் அதிர்ந்தது. கண்ணாடியை அதன் இடத்தில் வைத்து, கையுறையைக் கழற்றி, மெதுவாகத்தான் எடுத்தாள். அப்பார்ட்மென்ட் தண்ணீர் வராத செய்தியாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். முதலில் ஒரு படம் வந்திருந்தது. அழகான, கூர்மையான ஒரு கோடு. அதன் கீழே எழுதியிருந்தது:

"அக்கா, நான்தான். இது எங்க லேசர், ஏழு புள்ளி ரெண்டு. வெள்ளிக்கிழமை வெளிய சொல்லப்போறோம். என்கிட்ட வேலை செய்யற ஆறு பேரும் பிரமாதமா இருக்குன்னு சொல்றாங்க. ஒருத்தர் வாயிலயும் ஒரு குறையும் வரல, அதான் எனக்குத் தூக்கம் வரல. உங்கமேல கோவம் இன்னும் போகல, அது தனி. ஆனா அன்னிக்கு எப்பத் தெரிஞ்சுதுன்னு நான் கேட்டப்ப உண்மையச் சொன்னீங்க. தனக்கே அவமானம்னாலும், கேட்டா ஒளிக்காம சொல்ற ஆளு எனக்கு வேற யாரும் இல்ல. எல்லா அளவும் இப்ப அனுப்பறேன், ஆறு நாளு எடுத்துக்காதீங்க."